புல்லில் இருக்கும் இனிப்பு

வாளியில் ஊறிய காய்ந்த புல்லை எடுத்துப் பிழிந்து தராசில் தொங்கவிட்டேன். ஒன்றரைக் கிலோ. ஒரு பிடி கூடுதலாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

சிட்டு கனைத்தது. மட்டக்குதிரைதான், பசிக்கு மட்டும் ஆனைக் குரல்.

"இம்புட்டுத்தான் தாயி. கோவிச்சுக்காத."

ஊறவைத்தால் புல்லில் இருக்கும் இனிப்பு கரைந்துவிடுமாம். கொள்ளு, கம்பு, வெல்லம், பச்சைப்புல் எதுவும் ஆகாது; மறுபடி கொடுத்தால் குளம்பே கழன்றுவிடும் என்று சின்னமனூரிலிருந்து வந்த மாட்டு டாக்டர் சொல்லியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் அழகுமலை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிட்டுவின் காலைக் கெடுத்த மகராசன் அவர்தான்.

போன மாசியில் குதிரைவண்டிப் பந்தயத்துக்குப் பத்து நாள் முன்னாலிருந்து கொள்ளும் கம்பும் வெல்ல உருண்டையும் வாளி வாளியாக வைத்தார். குளம்பு சுடுகிறது, முன்னங்காலை ஊன்ற மாட்டேன் என்கிறது என்றேன். கேட்கவில்லை. கொள்ளு டின்னைப் பரணில் ஒளித்துவைத்தேன். கண்டுபிடித்து, பந்தயக்காரர்கள் பத்துப் பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தார்.

"திங்கிற வாய்க்கு அளவு வைக்க நீ யாருடி?"

அந்தக் காலோடுதான் வண்டியில் பூட்டினார். தேவதானப்பட்டி ரோட்டில் பாதியிலேயே விழுந்தது. விழுந்த பிறகும் அடித்தார். என் கன்னத்தைக்கூட மறந்துவிடுவேன். அந்தச் சாட்டைச் சத்தத்தைக் கட்டை வேகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.

இப்போது சிட்டு எழுந்து நடக்கிறது. உடனே அவருக்கு ஆசை திரும்பிவிட்டது. தை பிறந்ததும் மறுபடி பூட்டி, தானே வண்டி ஏறுவாராம்.

ஏறட்டும், பார்க்கிறேன்.

அவருக்கும் ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், தேனியில். சீனி கூடாது, வெல்லம் கூடாது, சோறு கைப்பிடி. கேப்பைக் களியும் கசப்புக் காப்பியுமாக ஒரு வருஷம் அவர் வாயை நான்தான் காவல் காத்தேன். ஒளித்து ஒரு ஜிலேபி தின்றாலும் சண்டை போடுவேன்.

அறை வாங்கின அன்றோடு விட்டுவிட்டேன். அளவு வைக்க நான் யார்? பணியாரம் கேட்டால் பணியாரம், பாயசம் கேட்டால் பாயசம். நானாக எதையும் கூடப் போடுவதில்லை, சத்தியமாக. வேண்டாம் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். இப்போதுதான் இவள் பொண்டாட்டி மாதிரி இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

புல்லைச் சிட்டுவுக்கு வைத்துவிட்டுத் திரும்பினேன். வலது காலைத் தூக்கிக் காட்டினார். ஆணி ஏறிப் பத்து நாளாகிறது. கட்டைவிரல் கறுத்திருந்தது. கொஞ்சங்கூட வலிக்கவில்லை, நம்ம உடம்பு இரும்பு என்று சிரித்தார்.

உள்ளே போய்க் காப்பி ஆற்றிக்கொண்டு வந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பு பத்தவில்லை என்றார்.

சீனி டப்பாவையே கொண்டுவந்து அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன்.