மலாக்கிக்கு ஒரு கல்லறை

"உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான் பாஸ்டன்லேருந்து அயர்லாந்துக்கே வந்தேன், ஐயா," என்றாள் லொரெட்டா டூஹி. அவள் கையில் மேயோ வட்டார வரலாற்று இதழின் பழைய பிரதி இருந்தது.

"பஞ்சத்துல பண்ணையார் களஞ்சியத்தை உடைச்சு ஊருக்கே கஞ்சி ஊத்தின மலாக்கி டூஹி எங்க முப்பாட்டனார். கல்லறைக் கல்லு வெளியே லாரியில நிக்குது. புதைச்ச இடத்தை மட்டும் காட்டுங்க."

இதழாசிரியர் கோர்மக் எழுந்தார். தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், மனைவிக்குப் பக்கத்தில் தனக்கென்று வாங்கிப் போட்டிருந்த வெறும் புல்தரைக்கு அவளை அழைத்துப் போனார்.

"இங்கதாம்மா."

அவள் மண்டியிட்டு விம்மினாள். "நீங்க இல்லேன்னா இப்படி ஒருத்தர் இருந்ததே தெரிஞ்சிருக்காது!"

உண்மைதான். முப்பது வருடத்துக்கு முன், அச்சுக்குப் போகும் அவசரத்தில் காலியாகக் கிடந்த அரைப்பக்கத்தை நிரப்ப, மலாக்கியைக் கற்பனையில் பெற்றெடுத்தவரே அவர்தான்.