மிஷின் சொன்ன பொய்

"இது முதலாளி பார்த்த வேலை. வயசான டிரைவரைக் கழட்டிவிட வழி தேடுறாரு" என்றார் அப்பா.

டாக்டரம்மா அறிக்கையை நீட்டினார். "அன்னிக்கு ராத்திரி வீட்டுல நீங்க கட்டிக்கிட்டுப் படுத்த மிஷின்தாங்க சொல்லுது. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. வைத்தியம் பார்க்காம லாரியைத் தொடக் கூடாது."

"மிஷினை மாத்திட்டீங்க."

"மிஷின்லயே உங்க பேர் ஒட்டியிருக்கு, பாருங்க."

அப்பா அந்தத் தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "அப்போ மிஷின் பொய் சொல்லுது. எனக்குத் தெரியாதா?"

நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"காலையில தலைவலி வருமே? உட்கார்ந்த இடத்துலயே கண்ணு சொக்குமே?"

அப்பாவின் பார்வை கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனது. அங்கே பெஞ்சில் அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்படியே விட்டா இதயத்துக்கு ஆபத்து. தினமும் இதைப் போட்டுக்கிட்டுத் தூங்குங்க." டாக்டரம்மா மூச்சுக்காற்று செலுத்தும் பெரிய மாஸ்க் ஒன்றை எடுத்தார்.

"சின்னது குடுங்க."

"உங்க முகத்துக்குப் பத்தாதே."

அப்பா கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"அன்னிக்கு மிஷினைக் கட்டிக்கிட்டுப் படுத்தது அவதாங்க. எங்க வீட்டுல குறட்டை விடாத ஆளு அவ ஒருத்திதான்."