ஐந்து சட்டித் திருக்கை

மூடிகளைத் திறந்தபோதுதான் தெரிந்தது, ஐந்து சட்டியிலும் திருக்கை மீன் கறி.

அன்று செபஸ்தி மாமாவின் முப்பத்தோராம் நாள் நினைவு. பூசை முடிந்து ஒழுங்கைச் சனம் முழுக்க அவர் வீட்டு விறாந்தையில் கூடியிருந்தது. சோறும் பருப்பும் அவருடைய மகள் ஜெனிஸ்ராவின் பொறுப்பு. கறிகளை அயலவர்கள் கொண்டு வருவதென்று பேச்சு. யார் என்ன கறி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்காததற்குக் காரணம் இருந்தது. என்னைத் தவிர வேறு யார் அவருக்குத் திருக்கை சமைப்பது?

நான் வயற்பக்கத்து அடம்பன் ஊர்க்காரி. கட்டுக்கரைக் குளத்து மீனைத் தவிர வேறு மீன் அறியாதவள். பதினாறு வருடங்களுக்கு முன் கலியாணம் கட்டி இந்தக் கடற்கரைக்கு வந்த முதல் கிழமையே திருக்கையைத் தீய வைத்தேன். கோழிக்குக் கொட்டச் சொன்னார் மாமியார்.

சட்டியோடு வேலியோரம் அழுதுகொண்டு நின்ற என்னிடம் பக்கத்து வீட்டுச் செபஸ்தி மாமா தட்டை நீட்டினார். சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"பிள்ளை, இந்த ஒழுங்கையில இப்பிடி ஒரு திருக்கைக் கறி நான் தின்னேல்ல. மற்றவைக்குச் சொல்லிப்போடாதை, கோவிப்பினம்."

சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு நிமிர்ந்த தலை பிறகு குனியவேயில்லை. என் பேச்சை யார் எவ்வளவு நக்கலடித்தாலும், திருக்கை என்னுடையது. அந்த ஒரு சொல்லில்தான் இந்த ஊரில் காலூன்றினேன்.

இப்போது நான்கு பேர் அதைப் பிடுங்க வந்து நிற்கிறார்கள். மாமா அன்று என்னிடம் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எனக்கெல்லோ அப்பிடிச் சொன்னவர்!" என்றாள் நிறஞ்சலா.

"ரகசியம் எண்டுதானே எனக்கும் சொன்னாரு!" என்றாள் றஹீமா.

மற்ற இருவரும் சும்மா இருப்பார்களா? மாலை போட்ட படத்துக்கு முன்னால் ஐந்து பெண்கள் அகப்பையும் கையுமாகச் சண்டை பிடித்தோம். யாருக்கு முதலில் சொன்னார், எந்த வருடம், திருநாளுக்கு முன்னா பின்னா. ஆண்களுக்குச் சிரித்துப் புரைக்கேறியது. பாதர் ஐந்து கறியையும் தட்டில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார்.

ஜெனிஸ்ரா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப்போனாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணெல்லாம் தண்ணீர்.

"சுகந்தினியக்கா, நான் ஓ.எல். சோதனை எடுத்த வருசம் அப்பா மோட்டார் சைக்கிள்ல போய்க் கழுதையோட அடிபட்டு விழுந்தவரெல்லோ. நீங்கள் இஞ்ச வரமுந்தி. தலையில அடி. அண்டு தொடக்கம் அவருக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. மீனும் ஒண்டுதான், கடதாசியும் ஒண்டுதான். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர்."



அப்படியானால் அன்றைக்கு அவர் என் சட்டிக்குள் எதைக் கண்டார்? சட்டியையே பார்த்திருக்கமாட்டார். வீங்கிப்போன என் கண்ணைத்தான் பார்த்திருப்பார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த மனிதரை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

"அவையளுக்கும் சொல்லட்டோ அக்கா?"

நிறஞ்சலா அந்தோனியார்மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தது குசினிவரை கேட்டது. அவளுக்கும் இந்த ஊரில் ஒரு முதல் கிழமை இருந்திருக்கும்.

கண்ணைத் துடைத்தேன். குசினிக் கதவைச் சாத்திவிட்டு விறாந்தைக்கு வந்தேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? எனக்குத்தான் முதல்ல சொன்னவர்!" என்று கத்தினேன்.