வெட்டாத ஓர் இடம்

ஐம்பது பேர் ஆளுக்கு நூறு முறை காசைச் சுண்டி, தலையா பூவா என்று எழுதித் தந்தார்கள். ஐம்பது வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். முன் விழுந்ததைப் பின் விழுவது சாராத இடங்களில் வரிசைகளை வெட்டுவதுதான் என் ப்ரோக்ராமின் வேலை. காசுக்கு ஏது ஞாபகம்? எல்லா இடத்திலும் வெட்ட வேண்டும். ஆனால் அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவே மட்டும் வெட்டவில்லை. ஐம்பது பேருக்கும் அறுபத்தொன்றில் விழுந்ததே அறுபத்திரண்டிலும் விழுந்திருந்தது.

"ப்ரோக்ராம்லதான் தப்பு. நாளைக்குக் குடுக்கணும்மா," என்றார் மேலாளர்.

மூன்றாவது முறையாக ஆட்களையும் காசுகளையும் மாற்றினேன். அதே இடம்.

சலித்துப்போய், வீடு திரும்பும் பேருந்தில் நானே சுண்டினேன். அறுபத்தொன்றாவது, பூ. அதோடு நிறுத்தி, டிக்கெட்டுக்கு அந்தக் காசையே கொடுத்துவிட்டேன். நடத்துனர் கைதவறி அது கீழே விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டது.

அவர் குனியவில்லை.

"பூதாம்மா," என்றார்.