சிவப்பு டேப் குமிழ்

"சாயங்காலம் விழா. மைக்குல சோளம் பொரியுது. நீ பாட்டுக்கு போனைத் தடவிட்டு நிக்கிற!"

மேடையிலிருந்து முதலாளி கத்தினார். மைக்கில் கத்தினார் என்பதால் காலி நாற்காலிகள் ஆயிரமும் சேர்ந்து திட்டு வாங்கின. கடைசி வரிசையில் இருந்த ஒலி மிக்சர் பெட்டியில் அவருடைய மைக்குக்கு நேரே சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டர் தலை நிமிர்ந்தாள். நாலு வருஷமாக இந்த அரங்கத்தின் ஒலி அவள் பொறுப்பு. அவள் வீட்டில் வருமானம் என்று இருப்பதும் இந்த ஒன்றுதான்.

"சார், மைக்கை முழுங்கற மாதிரி பிடிக்காதீங்க. பேசப் பேச உங்க குரல் வேற ஏறுது. பெட்டிக்குள்ள நுழையறப்பவே சத்தம் உடைஞ்சு போகுது."

"என் குரல்லயே குத்தமா? மாப்பிள்ளை, நீங்க வந்து பாருங்க!"

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் மகளைக் கட்டியவர். மூன்று வாரம் ஒலிப் பயிற்சி முடித்த கையோடு, கறுப்புக் கண்ணாடியும் கழுத்தில் ஹெட்போனுமாக வந்திருந்தார். ஹெட்போனின் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஓரமா நில்லும்மா," என்று பெட்டிமுன் உட்கார்ந்தவர், வெளியே போகும் சத்தத்தைக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இழுத்தார். முதலாளியின் குரல் சின்னதானது. கரகரப்பு மட்டும் போகவே இல்லை.

"உடைஞ்சு வந்ததைக் குறைச்சா, உடைஞ்சது சின்னதாக் கேக்கும் சார், அவ்வளவுதான். உள்ளே வர்ற இடத்துல கெயினைக் குறைக்கணும்."

"தெரியும், தெரியும்." எது கெயின் என்று தெரியாமல் மாப்பிள்ளையின் விரல் பெட்டி முழுக்க ஊர்வலம் போனது.

"ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டின குமிழ் இருக்கு பாருங்க, அதைத் திருப்புங்க!" என்றார் முதலாளி. "எந்த விழாவுல கரகரத்தாலும் நான்தான் ஓடி வந்து அதைத் திருப்புவேன். உடனே சரியாயிடும். சம்பளம் இவளுக்கு, வேலை எனக்கு!"

மாப்பிள்ளை திருப்பினார். ஆபரேட்டர் பெருமூச்சு விட்டு, மறுபடியும் போனைத் தடவினாள்.

கரகரப்பு நின்றது. சிவப்பு விளக்கு பச்சையானது.

"பாத்தியா? கைராசின்னா இது! இன்னிலேர்ந்து ஒலி மாப்பிள்ளை பொறுப்பு. நீ சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பு."

"சார், நாலு வருஷமா…"

"போன் பாக்கறதுக்கு உனக்கு வீடு போதாதா?"

அவளுக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் ஆத்திரம் வந்துவிட்டது. சாவியை மேஜைமேல் வைத்தாள், போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

முதலாளிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பெரியோர்களே!" என்று வரவேற்புரையை முதலிலிருந்து ஒத்திகை பார்த்தார். நாலாவது வரியில் மைக் உதட்டைத் தொட்டது, குரல் கூரையைத் தொட்டது. சோளம் மறுபடி பொரிந்தது.

"குமிழ், மாப்பிள்ளை, குமிழ்!"

மாப்பிள்ளை வலப்பக்கம் திருப்பினார். இடப்பக்கம் திருப்பினார். கையோடு வந்துவிடும்போல் திருகினார். சிவப்பு விளக்கு அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார். வாசலில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது.

"அக்கா… ஒரு நிமிஷம் அக்கா! அந்தக் குமிழ் இப்ப வேலை செய்யலையே!"

"அது என்னிக்குமே வேலை செஞ்சதில்ல தம்பி. கெயினை நான் போன்ல இருக்கற ஆப்லேர்ந்துதான் குறைப்பேன்."

அவர் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே ஸ்பீக்கர்கள் கரகரத்தன: "திருப்புங்க மாப்பிள்ளை, நல்லாத் திருப்புங்க!"

"அப்ப அந்தக் குமிழ் எதுக்குக்கா?"

"உங்க மாமா திருப்புறதுக்கு."