தலை நிமிராத தக்காளி

“அந்தப் பாலம்மாதான் என்னத்தையோ ஊத்துதா. இல்லேன்னா செடி எதுக்கு வாடுது?” சத்தியபாமா ஒரு தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கிப் புருஷன் நந்தகோபாலின் முன்னால் போட்டாள்.

இது இரண்டாவது தடவை. விளாத்திகுளத்திலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நாற்று. நட்ட வேகத்தில் இலையெல்லாம் துவண்டு தொங்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாலம்மாளோடு பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. தெருக்குழாயில் யார் குடம் முதலில் என்ற சண்டை. இரண்டு வீட்டுப் புறவாசலுக்கும் நடுவே இடுப்பளவு வேலிதான். விடிந்ததும் சத்தியபாமா தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிவிட்டால், பொழுது சாயும்வரை செடிக்குக் காவல் கிடையாது.

“சும்மா ஒருத்தர் மேல பழி போடாத. உரக்கடையில கேப்போம்” என்றான் நந்தகோபால்.

கடைக்காரர் ஆறுமுகசாமி வேரை நசுக்கி முகர்ந்தார். “அழுகிட்டும்மா. நம்ம கரிசல் மண்ணு தண்ணியக் குடிச்சா லேசுல விடாது. ஈரம் கூடுனாலும் இலை வாடத்தான் செய்யும். ஊத்துறதக் குறைங்க.”

சத்தியபாமாவுக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது. “கோவில்பட்டியில தண்ணி கூடிப்போச்சா, அண்ணாச்சி? குழாய்ல வாரதே வாரத்துக்கு ஒருக்க. அரிசி களைஞ்ச தண்ணியத்தான் காலையில அரைச் செம்பு ஊத்துதேன்.”

வீடு திரும்பியதும் மிச்சச் செடிகளின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். பகலெல்லாம் பங்குனி வெயில் காய்ந்தும் மண் சொதசொதவென்றிருந்தது.

“துணி துவைச்ச தண்ணியக் கொட்டுதா. எனக்குத் தெரியும்.” நந்தகோபால் தடுப்பதற்குள் வேலியோரம் போய்விட்டாள்.

“யக்கா, குழாயடிச் சண்டைய என்கிட்ட வச்சுக்கிடுங்க. செடி உங்கள என்ன பண்ணுச்சு? எந்தத் தண்ணியக் கொட்டுதீங்க?”

காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்த பாலம்மாள் எழுந்து வந்தாள். பதிலுக்குச் சண்டை பிடிப்பாள் என்றுதான் சத்தியபாமா நினைத்தாள். அவளோ துவண்டு கிடந்த செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“குடிக்கப் பிடிச்சு வச்ச தண்ணிதான்ட்டி. வெயில்ல தலை தொங்கி நிக்குதேன்னு, தெனம் ஒரு குடம் ஊத்துதேன்.”