எல்லோருக்கும் ஒரே பாட்டு

'உப்புக்காற்று' ராக் குழுவின் பாட்டுகளைப் பற்றிச் சண்டை போட்டே காதலித்தவர்கள் ஜெசிந்தாவும் நெல்சனும். கேட்பவரின் ரசனைக்கேற்பப் பாட்டுகள் தாமே மாறிக்கொள்ளத் தொடங்கிய பின், அவரவர் காதில் அவரவர் பாட்டு. இருவருக்கும் எல்லாமே பிடித்தது. வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழு ஒரு பரிசோதனை ஆல்பம் வெளியிட்டது. யார் கேட்டாலும் ஒரே மாதிரிதான் ஒலிக்குமாம்!

முதல் பாட்டிலேயே கிட்டாருக்கு நடுவே மிக்சி ஓடியது. ஜெசிந்தா துள்ளிக் குதித்தாள்.

"செமையா இருக்குல்ல?"

"இதுவா? காது கிழியுது," என்றான் நெல்சன்.

"உனக்கு ரசனையே கிடையாது."

"இருந்திருந்தா உன்னக் கட்டியிருப்பேனா?"

தலையணை பறந்தது. பதிலுக்கு இன்னொன்று வந்தது. மூச்சிரைக்கச் சிரித்தபடி ஜெசிந்தா தரையில் உட்கார்ந்தாள்.

"அடுத்த பாட்டப் போடு," என்றாள். "கடவுளே, அதுவும் இவனுக்குப் பிடிக்கவே கூடாது!"